பகிரப்படும் சாதன பஃபரை யார், எப்படி மேப் செய்யலாம்: கர்னல் டிரைவரில் கட்டுப்பாடு வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கேமராவிலிருந்து வரும் படத்தை ஐஎஸ்பி (படத்தைச் செம்மைப்படுத்தும் வன்பொருள்) எழுதுகிறது. ஜிபியு (வரைகலைச் செயலி) அதைப் படிக்கிறது. திரையை இயக்கும் வன்பொருள் காட்டுகிறது. நடுவில் ஒரு சாதாரண நிரல் அதே படத்தை எம்மேப் செய்து, அதாவது தன் முகவரி வெளிக்குள் இணைத்துக்கொண்டு, எட்டிப் பார்க்கிறது. நால்வரும் தொடுவது ஒரே நினைவகப் பகுதியை, அதாவது ஒரே பஃபரை. லினக்ஸ் கர்னலில் இந்தப் பகிர்வுக்கு டிஎம்ஏ-பஃப் என்ற அமைப்பு இருக்கிறது. அந்த பஃபரை எந்த நிரல் எந்த உரிமையோடு தன் முகவரி வெளிக்குள் கொண்டுவரலாம் என்பதை டிரைவரில் எப்படி வரையறுப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் உள்ள ஓர் அலுவலகத்தில், டிரைவர் வேலைக்குப் புதிதாக வருபவர்களோடு உட்கார்ந்து இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நிரல் இப்போது எதைக் கேட்கிறது என்று சோதிக்கிறார்கள். மேப் கிடைத்த பிறகு அதை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதைச் சோதிப்பதில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது.

மூலநிரலில் உள்ள பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு இருக்கும். கர்னல் மூலநிரலை அருகில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொன்றையும் எளிதில் அடையாளம் காணலாம்.

தொடங்குமுன் தேவையானவை

நீங்களே தொகுத்த கர்னலும், அதை ஓட்ட ஒரு கியூஇஎம்யூ மெய்நிகர் இயந்திரமும் வேண்டும். உண்மையான போர்டில் நேரடியாகத் தொடங்க வேண்டாம்; இந்த வேலையில் வரும் பிழைகள் இயந்திரத்தையே நிறுத்திவிடக்கூடியவை. கர்னலைத் தொகுக்கும்போது டிஎம்ஏ-பஃப் ஹீப் (பஃபரை ஒதுக்கித் தருவது), யூடிஎம்ஏபஃப், டிபக்எஃப்எஸ் (கர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டுவது), கேசன் (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது), பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் ஆகியவற்றை இயக்கி வையுங்கள். முதல் தொகுப்புக்கு நேரம் ஆகும்; மாலையில் தொடங்கிவிட்டுக் கிளம்பினால், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் முடிந்திருக்கும்.

யூடிஎம்ஏபஃப் எதற்கு என்றால், அது மெம்எஃப்டி நினைவகத்தை (ஒரு நிரல் கோப்பைப் போலப் பெறும் பெயரற்ற நினைவகத்தை) டிஎம்ஏ-பஃப் ஆக மாற்றித் தரும் சிறிய டிரைவர். வன்பொருள் எதுவும் இல்லாமலே சோதனைகளை ஓட்டிப் பழகலாம். அதன் மூலநிரலும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால், முதலில் படிக்க அதைவிட நல்ல டிரைவர் எனக்குத் தெரிந்து இல்லை.

1. உரிமைப் பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள்

பஃபரைத் தொடப்போகும் ஒவ்வொருவரையும் எழுதி, படிப்பதா, எழுதுவதா, சிபியு வழியாகவா, சாதனம் வழியாகவா என்று குறியுங்கள். நான்கைந்து வரிகளுக்கு மேல் வராது. ஆனால் இதைச் செய்யாமல் நேரே நிரலெழுத உட்காருபவர்கள், மூன்றாம் படியில் எல்லோருக்கும் படிக்க, எழுத என்று முழு உரிமையும் கொடுத்துவிட்டு, பிறகு அதைக் குறைக்கப் போராடுவார்கள். கொடுத்த உரிமையைப் பின்னால் பறித்தால், அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையும். குறைவாகக் கொடுத்துத் தொடங்கினால் தேவைப்படும்போது கூட்டுவது எளிது.

2. மேப்பே தேவையில்லை என்றால் அந்தக் கதவை வைக்காதீர்கள்

பட்டியலில் சிபியு வழியாகத் தொடுபவர் யாருமே இல்லையென்றால் வேலை இங்கேயே பாதி முடிந்துவிடும். பாதுகாக்கப்பட்ட காணொளியை வைத்திருக்கும் பஃபர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. டிரைவரின் செயற்கூறுகளைக் குறிக்கும் டிஎம்ஏ_பஃப்_ஆப்ஸ் கட்டமைப்பில் எம்மேப் என்ற இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டால், டிஎம்ஏ-பஃப் மையப்பகுதியே ஈஇன்வேல் (தவறான கோரிக்கை) பிழையைத் திருப்பிவிடும். மறுப்பதற்கென்று தனியாக ஒரு செயற்கூறு எழுத வேண்டாம். இல்லாத செயற்கூறில் பிழை இருக்க முடியாது.

அதே கட்டமைப்பில் உள்ள வீமேப் என்பதையும் நிரப்பாமல் விட வேண்டும். எம்மேப் யூசர் ஸ்பேஸுக்கான, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்களுக்கான, கதவு. வீமேப் கர்னலுக்குள் இருக்கும் மற்ற டிரைவர்களுக்கான கதவு. முன்கதவை மட்டும் பூட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. கோப்பின் திறப்பு முறையை ஏற்றுமதியின்போதே தீர்மானியுங்கள்

டிரைவர் தன் நினைவகத்தை டிஎம்ஏ-பஃப் ஆக்கி வெளியே தருவதே ஏற்றுமதி. அந்த டிஎம்ஏ-பஃப் யூசர் ஸ்பேஸுக்கு ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக, அதாவது திறந்த கோப்பைச் சுட்டும் எண்ணாக, போகிறது. அந்தக் கோப்பு படிப்பதற்கு மட்டும் திறக்கப்பட்டதா, எழுதவும் திறக்கப்பட்டதா என்பதைக் கர்னலின் நினைவகப் பகுதி, உங்கள் டிரைவரைக் கேட்பதற்கு முன்பே பார்க்கிறது. படிக்க மட்டும் திறந்த கோப்பை, பகிர்ந்த மேப்பாக (எழுதுவது பஃபரிலேயே விழும் வகையாக), எழுதும் உரிமையோடு கேட்டால் ஈஅக்செஸ் (அனுமதி இல்லை) பிழை கிடைக்கும். படிப்பதற்கு மட்டும் கேட்டிருந்தால், பின்னால் எழுதும் உரிமை பெறும் வாய்ப்பையும் அதுவே நீக்கிவிடும். நீங்கள் எழுதப்போகும் எந்தச் சோதனையையும்விட இந்த முதல் அரண் உறுதியானது. அதனால்தான் இது வரிசையில் முன்னால் நிற்கிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. டிஎம்ஏ_பஃப்_எஃப்டி என்ற செயற்கூறு ஃப்ளாக்குகளை (ஆம், இல்லை என்று சொல்லும் குறிகளை) வாங்கிக்கொள்கிறது. அதில் படிக்க மட்டும் என்று கொடுத்தால் அந்த டிஸ்கிரிப்டர் படிக்க மட்டும் ஆகிவிடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. அந்த ஃப்ளாக்கில் உண்மையில் பயன்படுவது, எக்ஸெக் நேரத்தில் (பிராசஸ் வேறொரு நிரலை ஓட்டத் தொடங்கும்போது) மூடிவிடு என்னும் ஓ_க்ளோஎக்ஸெக் மட்டுமே. திறப்பு முறை அதற்கு முன்பே, டிஎம்ஏ_பஃப்_எக்ஸ்போர்ட் அழைக்கப்படும்போது, அதற்குத் தரும் தகவல் கட்டமைப்பின் ஃப்ளாக்ஸ் என்ற இடத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். ஒரு டிஎம்ஏ-பஃபுக்கு ஒரே ஒரு கோப்புதான். எத்தனை டிஸ்கிரிப்டர் கொடுத்தாலும் எல்லாம் அதே கோப்பையே சுட்டும். எனவே கேமரா சேவைக்கு எழுதும் உரிமையும் முன்னோட்டம் காட்டும் நிரலுக்குப் படிக்கும் உரிமையும் தனித்தனியே வேண்டுமானால், ஒரே நினைவகத்தின் மேல் இரண்டு டிஎம்ஏ-பஃப்களை ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்போது அடியில் உள்ள நினைவகத்துக்கு நீங்களே ஒரு குறிப்பு எண்ணிக்கை வைத்து, இரண்டும் விடுவிக்கப்பட்ட பிறகே அதைத் திருப்பித் தர வேண்டும்; பஃபரை யார் இப்போது பயன்படுத்துகிறார் என்று பதியும் ரிசர்வேஷன் பொருளும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

டிஆர்எம் என்னும் வரைகலைப் பகுதியின் டிரைவர்கள், பிரைம் என்னும் அதன் பகிர்வு முறை வழியாக ஏற்றுமதி செய்யும்போது, டிஆர்எம்_ஆர்டிடபிள்யூஆர் ஃப்ளாக் கேட்கப்படவில்லையென்றால் எழுதும் உரிமை கிடைக்காது. நேற்றுவரை ஓடிய நிரல் திடீரென ஈஅக்செஸ் சொல்கிறது என்று யாராவது வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

4. அளவைப் பக்க எல்லைக்கு உயர்த்தி, மிச்சத்தைச் சுழியாக்குங்கள்

மேப் என்பது பக்கம் பக்கமாகவே நடக்கும். உங்கள் பஃபர் 5000 பைட் என்றால், 4096 பைட் கொண்ட பக்கங்களில் இரண்டு போகும். மொத்தம் 8192 பைட். மீதமுள்ள 3192 பைட்டில் முன்பு யார் வைத்திருந்த தரவு கிடக்கிறதோ, அதையும் சேர்த்து நிரலிடம் கொடுத்துவிடுவீர்கள்.

ஆகவே ஒதுக்கும்போதே அளவைப் பக்க எல்லைக்கு உயர்த்தி, முழுவதையும் சுழியாக்க வேண்டும். கர்னலின் சிறு ஒதுக்கீட்டுச் செயற்கூறான கேமாலாக்கில் வாங்கிய சிறு நினைவகத்தை ஒருபோதும் மேப் செய்யக் கூடாது. அதே பக்கத்தில் கர்னலின் வேறு பொருள்கள் குடியிருக்கும். பக்க அளவை 4096 என்று நிரலில் எழுதிவிடுவதும் தவறு. 64 பிட் ஆர்ம் கர்னல்கள் 16 கேபி, 64 கேபி பக்கங்களோடும் தொகுக்கப்படுகின்றன.

5. எல்லைச் சோதனை: கூட்டாதீர்கள், கழியுங்கள்

எந்த இடத்திலிருந்து மேப் தொடங்க வேண்டும் என்பதை நிரல்தான் சொல்கிறது. அந்த எண் விஎம்_பிஜிஆஃப் என்ற இடத்தில், பக்கக் கணக்கில் உங்களிடம் வரும். டிஎம்ஏ-பஃப் டிஸ்கிரிப்டரை நேராக மேப் செய்தால், தொடக்கமும் நீளமும் சேர்ந்து பஃபரின் அளவைத் தாண்டுகின்றனவா என்று மையப்பகுதி பார்த்துவிடுகிறது. 1 எம்பி பஃபரில் 256 பக்கங்கள். 255-ஆவது இடத்திலிருந்து இரண்டு பக்கம் கேட்டால் அங்கேயே ஈஇன்வேல். ஆனால் பல டிரைவர்கள் தங்கள் சொந்த சாதனக் கோப்பு வழியாகவும் அதே நினைவகத்தை மேப் செய்ய விடுகின்றன. அங்கே காவல் நீங்கள்தான்.

புதியவர் எழுதும் சோதனை வழக்கமாக இப்படி இருக்கும்: பௌதிக அடிமுகவரியோடு தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டு, அது அடிமுகவரியும் பஃபர் அளவும் சேர்ந்ததற்குள் இருக்கிறதா என்று பார். படிக்கும்போது குற்றமே தெரியாது. அடிமுகவரி 2 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல், 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து 2 ஜிபியைக் கழித்து வரும் எண்ணைத் தொடக்கமாகக் கொடுத்து ஒரு பக்கம் கேட்கிறது. கூட்டல் 64 பிட்டைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு சுழியில் வந்து நிற்கும். சுழியோடு 4096 சேர்ந்தால் எல்லைக்குள்தான் இருக்கிறது. சோதனை அதை விட்டுவிடும். நிரலின் கையில் பௌதிக முகவரி சுழி போய்ச் சேரும்.

தொடக்கமும் நீளமும் தங்களுக்குள் கூட்டும்போது சுற்றிக்கொள்வதைக் கர்னலின் பொதுப்பகுதி 2018 முதல் தடுக்கிறது. ஆனால் நீங்கள் கூடுதலாகச் சேர்க்கும் அடிமுகவரி அதற்குத் தெரியாது. எனவே எல்லாவற்றையும் பக்கக் கணக்கிலேயே வைத்து, தொடக்கம் மொத்தப் பக்கங்களைவிடக் குறைவா என்று முதலிலும், கேட்ட பக்கங்கள் மொத்தத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்த மிச்சத்துக்குள் அடங்குகின்றனவா என்று அடுத்தும் பாருங்கள். முதல் சோதனை முடிந்த பிறகு அந்தக் கழித்தல் சுழிக்குக் கீழே போக வழியில்லை. அடிமுகவரியைச் சேர்ப்பது இவ்விரண்டும் தேறிய பிறகுதான்.

பௌதிகத் தொடர்ச்சியுள்ள எளிய நினைவகமாக இருந்தால், இந்தக் கணக்கையெல்லாம் தானே செய்யும் விஎம்_ஐஓமேப்_மெமரி என்ற உதவிச் செயற்கூறு இருக்கிறது. அதை வைத்து முடிக்கக்கூடிய இடத்தில் சொந்தக் கணக்கு வேண்டாம்.

6. தனி மேப்பை மறுத்துவிடுங்கள்

மேப் இரண்டு வகை. பகிர்ந்த மேப்பில் எழுதுவது பஃபரிலேயே விழும். தனி மேப்பில் எழுதினால், அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று உருவாகி, எழுத்து அதில் விழும். சாதனத்துக்கு அந்த நகல் இருப்பதே தெரியாது. நிரல் எழுதிவிட்டேன் என்று நினைக்கும். திரையில் பழைய படமே நிற்கும். இப்படி ஒரு பிழையைத் தேடி இரண்டு நாள் கேஷைக் (செயலியின் இடைநிலை நினைவகத்தைக்) குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும்; நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன்.

குழப்பத்தோடு நின்றால் பரவாயில்லை, ஆபத்தும் இருக்கிறது. பக்கங்களைப் பொருத்தும் விஎம்எஃப்_இன்செர்ட்_பிஎஃப்என் செயற்கூறு, விஎம்_பிஎஃப்என்மேப் ஃப்ளாக் (வெறும் பௌதிகப் பக்க எண்களால் ஆன மேப் என்னும் குறி) உள்ள தனி மேப்பில் அழைக்கப்பட்டால் பக்_ஆன் வழியாகக் கர்னலையே முறித்துவிடும். சாதாரண நிரல் ஒன்று, எழுதும் உரிமையோடு தனி மேப் கேட்டு, அதைத் தொட்டாலே போதும். டிஆர்எம் பகுதியின் ஷ்மெம் (பகிர்ந்த நினைவக) உதவிச் செயற்கூறுகளில் இதே ஓட்டை 2024-இல்தான் அடைக்கப்பட்டது.

சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பகிர்வைக் குறிக்கும் விஎம்_ஷேர்ட் ஃப்ளாக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், முறையாக வரும் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். படிக்க மட்டும் திறந்த கோப்பில் பகிர்ந்த மேப் கேட்டால், கர்னல் விஎம்_மேஷேரை வைத்துக்கொண்டு விஎம்_ஷேர்டை நீக்கிவிடும். ஆகவே இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். யூடிஎம்ஏபஃப் அப்படித்தான் செய்கிறது. அல்லது இஸ்_கவ்_மேப்பிங் செயற்கூறை அழையுங்கள். அது, பகிர்வு இல்லாமல் எழுதும் வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்கிறது. இப்போது எழுதக் கேட்டதா என்பதை அது பார்ப்பதே இல்லை.

இந்தப் படி அடுத்த படிக்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. அடுத்ததில், பின்னால் எழுதும் வாய்ப்பைக் குறிக்கும் விஎம்_மேரைட்டை நீக்கப்போகிறோம். அதை முதலில் நீக்கிவிட்டு இஸ்_கவ்_மேப்பிங்கை அழைத்தால், அது பார்க்கும் ஃப்ளாக்கே அங்கே இருக்காது. எல்லா மேப்பும் தேறிவிடும்.

7. எழுதும் உரிமை: இப்போதையதும் இனி வரக்கூடியதும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு மேப்புக்கும் கர்னல் இரண்டு அடுக்காக உரிமைகளை வைத்திருக்கிறது. கீழடுக்கில் விஎம்_ரீட், விஎம்_ரைட், விஎம்_எக்ஸெக், விஎம்_ஷேர்ட். மதிப்புகள் 1, 2, 4, 8. மேலடுக்கில் இவற்றுக்கு நேராக மேரீட், மேரைட், மேஎக்ஸெக், மேஷேர். மதிப்புகள் 16, 32, 64, 128. கீழடுக்கு இந்த நொடியில் உள்ள உரிமை. மேலடுக்கு, எம்ப்ரொடெக்ட் அழைப்பின் மூலம் பின்னால் கேட்டுப் பெறக்கூடிய உரிமை. எம்ப்ரொடெக்ட் செய்வது எளிய கணக்கு: கேட்கும் புதிய உரிமை ஒவ்வொன்றுக்கும் நான்கு பிட் மேலே அதன் இணை இருக்கிறதா? இல்லையென்றால் ஈஅக்செஸ்.

இப்போது புதியவர் எழுதிய டிரைவரைப் பாருங்கள். விஎம்_ரைட் இருந்தால் மறுத்துவிடு என்று ஒரு வரி. நிரல் எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருக்கக்கூட வேண்டியதில்லை. படிக்க மட்டும் மேப் கேட்கிறார், கிடைக்கிறது. அடுத்த வரியில் எம்ப்ரொடெக்ட் அழைத்து எழுதும் உரிமை கேட்கிறார். மேரைட் அப்படியே இருப்பதால் அதுவும் கிடைக்கிறது. டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. வாசலில் பையைச் சோதித்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்தே வைத்ததைப் போன்றது இது.

சரியான முறை இரண்டு வரி. விஎம்_ரைட் கேட்கப்பட்டிருந்தால் பிழையைத் திருப்புங்கள். பிறகு விஎம்_மேரைட்டை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் பிராசஸ்களுக்கிடையே செய்தி கடத்தும் பைண்டர் டிரைவர் இதை இப்படியேதான் செய்கிறது: எழுதக் கேட்டால் ஈபெர்ம் (அனுமதிக்கப்படாத செயல்) பிழை, கேட்காவிட்டாலும் மேரைட் போய்விடும். அதன் எம்மேப் செயற்கூறைத் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிழையைத் திருப்பாமல், விஎம்_ரைட்டைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு மேப்பைக் கொடுத்தால் என்ன என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். இரண்டு காரணங்களுக்காகக் கூடாது. முதலாவது, கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பும் நிரல் எங்கோ தொலைவில் உள்ள ஒரு வரியில் சிக்செக்வி (நினைவக அத்துமீறல் சமிக்ஞை) வாங்கிச் சாகும். காரணத்தைத் தேடுபவர் எம்மேப் வரியைச் சந்தேகிக்கவே மாட்டார். இரண்டாவது இன்னும் கெட்டது. பக்க அட்டவணையில் (நிரலின் முகவரியை நினைவகப் பக்கத்தோடு இணைக்கும் பட்டியலில்) போகும் பாதுகாப்பு மதிப்பான விஎம்_பேஜ்_ப்ராட், உங்கள் செயற்கூறு அழைக்கப்படுவதற்கு முன்பே பழைய ஃப்ளாக்குகளிலிருந்து கணக்கிடப்பட்டுவிட்டது. ஃப்ளாக்கை மட்டும் நீக்கிவிட்டு அந்த மதிப்பை, பக்கங்களை மொத்தமாகப் பொருத்தும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சுக்குக் கொடுத்தால், கர்னலின் பதிவேட்டில் படிக்க மட்டும் என்றிருக்கும். வன்பொருளின் பக்க அட்டவணையிலோ எழுதலாம் என்றிருக்கும். வன்பொருள் தன் அட்டவணையைத்தான் பார்க்கும்.

பழைய எடுத்துக்காட்டு நிரல்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023-இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து விஎம்_ஃப்ளாக்ஸ் என்ற இடத்தில் நேரடியாக எழுத முடியாது. தொகுப்பி பிழை சொல்லும். விஎம்_ஃப்ளாக்ஸ்_செட், விஎம்_ஃப்ளாக்ஸ்_க்ளியர், இரண்டையும் சேர்த்துச் செய்ய விஎம்_ஃப்ளாக்ஸ்_மாட் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். வகை மாற்றும் வார்ப்பு (காஸ்ட்) போட்டு அந்தப் பிழையை மூடி மறைத்த நிரலையும் பார்த்திருக்கிறேன். அந்தச் செயற்கூறுகள் பூட்டையும் சேர்த்துக் கவனித்துக்கொள்கின்றன என்பதால்தான் அவை வந்தன.

8. இயக்கும் உரிமை

படத்தை வைத்திருக்கும் பஃபரிலிருந்து நிரல் ஓட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. மேஎக்ஸெக்கை நீக்கிவிடுங்கள். விஎம்_எக்ஸெக் கேட்கப்பட்டால் மறுப்பதே என் வழக்கம். ஒரு விதிவிலக்கு: சில பழைய நிரல்கள், படிக்கும் உரிமை கேட்டாலே இயக்கும் உரிமையும் சேர்ந்து வரும் ஒரு பழைய இயல்போடு ஓடுகின்றன. அவை தெரியாமலே எக்ஸெக் கேட்கும். அப்படிப்பட்ட நிரலை ஆதரிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும், பக்கங்களைப் பொருத்துவதற்கு முன்பு எக்ஸெக்கை நீக்கி, பாதுகாப்பு மதிப்பையும் மறுபடி கணக்கிடுங்கள்.

9. மேப் வளரக் கூடாது, நகலாகக் கூடாது, டம்ப்பில் விழக் கூடாது

ஐந்தாம் படியில் எல்லையைச் சோதித்தோம். ஆனால் எம்ரீமேப் என்ற அழைப்பு, கொடுத்த மேப்பைப் பின்னால் நீட்டித்துக்கொள்ள விடுகிறது. அப்போது உங்கள் எம்மேப் செயற்கூறு மறுபடி அழைக்கப்படாது. விஎம்_டோன்ட்எக்ஸ்பேண்ட் இருந்தால் நீட்டிப்பு ஈஃபால்ட் பிழையில் முடியும். யூடிஎம்ஏபஃப்பின் ஃபால்ட் செயற்கூறில் (இன்னும் பொருத்தப்படாத பக்கத்தை நிரல் தொடும்போது அழைக்கப்படுவதில்) பக்க எண்ணைச் சரிபார்க்கும் வரி ஒரு காலத்தில் விட்டுப்போய், 2022-இல் மறுபடி சேர்க்கப்பட்டது. எம்மேப் நேரத்துச் சோதனை ஒன்றே போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

ஃபோர்க் செய்யும்போது (பிராசஸ் தன்னையே பிரதியெடுக்கும்போது) குழந்தை பிராசஸுக்கும் மேப் போக வேண்டாமென்றால் விஎம்_டோன்ட்காப்பி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: எம்அட்வைஸ் அழைப்பில் டூஃபோர்க் என்று கேட்டு அந்த ஃப்ளாக்கை நிரலே நீக்கிவிடலாம். சாதன நினைவகம் என்று குறிக்கும் விஎம்_ஐஓவும் கூடவே இருந்தால் கர்னல் அதை மறுக்கும். டோன்ட்காப்பியைத் தனியாக வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று ஆவணத்தில் எழுதாதீர்கள்.

விஎம்_டோன்ட்டம்ப் இருந்தால், நிரல் செத்து விழும்போது எடுக்கப்படும் கோர் டம்ப்பில் பயனரின் கேமராப் படம் போகாது. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் பயன்படுத்துபவர்களுக்கு ஐஓ, பிஎஃப்என்மேப், டோன்ட்எக்ஸ்பேண்ட், டோன்ட்டம்ப் ஆகிய நான்கும் தாமாகவே வந்துவிடும். ஃபால்ட் வழியாகப் பொருத்துபவர்கள் தாங்களே வைக்க வேண்டும், மறப்பவர்கள் இவர்கள்தான்.

பிஎஃப்என்மேப் வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. கெட்_யூசர்_பேஜஸ் வகை அழைப்புகள் அந்த மேப்பில் உள்ள பக்கங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பிடிக்க முடிந்தால், நீங்கள் பஃபரை இடம் மாற்றிய பிறகும் கர்னலின் வேறொரு மூலை பழைய பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும்.

10. கேஷ் தன்மையைத் தீர்மானித்து, பக்கங்களைக் கடைசியாகப் பொருத்துங்கள்

ஒரே பௌதிகப் பக்கத்தைக் கர்னல் ஒரு கேஷ் தன்மையோடும் யூசர் ஸ்பேஸ் வேறொன்றோடும் மேப் செய்தால், ஆர்ம் செயலிகளில் இருவரும் வேறுவேறு மதிப்பைப் பார்க்க நேரலாம். தன்மையை ஏற்றுமதி செய்பவர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும்; நிரலின் விருப்பத்துக்கு விடக் கூடாது. கேஷோடு கொடுத்தால், நிரல் தொடும் முன்னும் பின்னும் டிஎம்ஏ_பஃப்_ஐஆக்டில்_சிங்க் அழைக்க வேண்டும். அதற்கான பிகின்_சிபியு_அக்செஸ், எண்ட்_சிபியு_அக்செஸ் இரண்டையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

பக்கங்களைப் பொருத்துவது எல்லாச் சோதனைக்கும் பிறகே. ஃப்ளாக்கும் பாதுகாப்பு மதிப்பும் முடிவாவதற்கு முன் பொருத்தினால், பழைய உரிமையோடு அட்டவணையில் ஏறியவை அப்படியே நிற்கும் என்பதை ஏழாம் படியில் பார்த்தோம்.

11. ஃபால்ட் செயற்கூறும் திரும்பப் பெறுதலும்

பஃபர் இடம் மாறக்கூடியது, அல்லது உரிமையை நடுவில் பறிக்க வேண்டியது என்றால், பக்கங்களை மொத்தமாகப் பொருத்தாமல் ஃபால்ட் வரும்போது ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஃபால்ட்டிலும் மூன்று கேள்விகள்: பக்க எண் எல்லைக்குள்ளா, பஃபர் இன்னும் உயிரோடா, உரிமை இன்னும் இருக்கிறதா. ஒன்று தவறினாலும் விஎம்_ஃபால்ட்_சிக்பஸ் திருப்புங்கள்.

பறிக்கும்போது அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் அழைத்தால் எல்லா பிராசஸிலும் அந்தப் பக்கங்கள் கழன்றுவிடும். இது வேலை செய்ய, ஒவ்வொரு மேப்பும் டிஎம்ஏ-பஃப்பின் கோப்போடு இணைந்திருக்க வேண்டும். உங்கள் சாதனக் கோப்பு வழியாக வரும் மேப்பை டிஎம்ஏ_பஃப்_எம்மேப் செயற்கூறுக்கு அனுப்பினால் அது கோப்பை மாற்றி இணைத்துவிடும். நேரடியாகப் பொருத்தியவை பறிப்பின்போது தப்பித்துக்கொள்ளும்.

பூட்டு வரிசையை மறக்க வேண்டாம். ஃபால்ட்டிலும் எம்மேப்பிலும் நுழையும்போது மேப் பூட்டு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது. ரிசர்வேஷன் பூட்டு அதற்குப் பிறகு. எனவே ரிசர்வேஷன் பூட்டைப் பிடித்துக்கொண்டு யூசர் ஸ்பேஸ் முகவரியைத் தொட்டால் வரிசை தலைகீழாகும். லாக்டெப் இதை முதல் முறையிலேயே காட்டிக்கொடுக்கும். அதை இயக்காமல் சோதித்தால் என்றோ ஒருநாள் வாடிக்கையாளரின் இயந்திரம் உறையும்.

12. எண்ணிக்கை வைப்பதென்றால் எல்லா வாசலிலும் வையுங்கள்

எத்தனை மேப் இருக்கிறது என்று எண்ணும் டிரைவர்கள் உண்டு. முதல் எம்மேப்பின்போது மேப்புக்கான (கோப்புக்கானது அல்ல) ஓப்பன் செயற்கூறு அழைக்கப்படாது. ஆனால் ஃபோர்க்கின்போதும், மேப்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை நீக்கி அது இரண்டாகப் பிரியும்போதும் அழைக்கப்படும். குளோஸ் எல்லா இடத்திலும் வரும். ஆகவே எம்மேப்பில் ஒன்று கூட்டி, ஓப்பனில் ஒன்று கூட்டி, குளோஸில் ஒன்று கழிக்க வேண்டும். உங்கள் எம்மேப் பிழை திருப்பினால் குளோஸ் வராது; கூட்டியதை அங்கேயே கழித்துவிட்டுத் திரும்புங்கள். பஃபரை உயிரோடு வைத்திருக்க மட்டும் என்றால் இந்த எண்ணிக்கையே தேவையில்லை. மேப் இருக்கும்வரை கோப்பின் குறிப்பு பிடிக்கப்பட்டிருக்கும்.

13. சாதனத்தின் பக்கமுள்ள கதவு

சிபியு மேப்பை எவ்வளவு இறுக்கினாலும், அதே டிஸ்கிரிப்டரை வேறொரு டிரைவருக்குக் கொடுத்து அதன் சாதனம் வழியாக எழுத வைக்கலாம். மேப்_டிஎம்ஏ_பஃப் செயற்கூறுக்குத் திசை ஒன்று வருகிறது: சாதனத்துக்கு, சாதனத்திலிருந்து, இருவழி. படிக்க மட்டும் உரிய பஃபருக்கு முதல் திசையைத் தவிர மற்றவற்றை மறுத்துவிடுங்கள். சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் வன்பொருளான ஐஓஎம்எம்யூ இருந்தால் அந்தத் திசை உண்மையான வன்பொருள் உரிமையாக மாறுகிறது. இல்லாத போர்டில் திசை வெறும் சொல்தான், சாதனம் நினைத்த இடத்தில் எழுதும். யூடிஎம்ஏபஃப்பில் இன்னொரு கதவும் உண்டு: அடியில் இருக்கும் மெம்எஃப்டியை வைத்திருப்பவர் டிஎம்ஏ-பஃப்பைத் தொடாமலே எழுதலாம்.

14. சோதனை: மறுக்கப்பட வேண்டியவை மறுக்கப்படுகின்றனவா

மேப் கிடைக்கிறது என்று சோதிப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்கக் கூடாதவற்றை எழுதி ஓட்டுங்கள். படிக்க மட்டும் உரிய பஃபரில் எழுதும் மேப் கேட்டால் ஈஅக்செஸ் அல்லது ஈபெர்ம். படிக்கும் மேப் வாங்கி எம்ப்ரொடெக்ட் கேட்டால் ஈஅக்செஸ். தனி மேப்புக்கு ஈஇன்வேல். கடைசிப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் கேட்டால் ஈஇன்வேல். எம்ரீமேப்பில் நீட்டினால் ஈஃபால்ட். பிறகு நடுவிலிருந்து ஒரு பக்கத்தை அன்மேப் செய்து, ஃபோர்க் செய்து, இரண்டு பிராசஸையும் முடித்து, டிபக்எஃப்எஸ்ஸில் டிஎம்ஏ_பஃப் அடைவில் உள்ள பஃப்இன்ஃபோ கோப்பில் உங்கள் பஃபர் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மறையவில்லையென்றால் பன்னிரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

மேப் கிடைத்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ப்ராக் அடைவில் உள்ள ஸ்மேப்ஸ் கோப்பைத் திறந்து, விஎம்ஃப்ளாக்ஸ் வரியைப் படியுங்கள். அங்கே ஒவ்வொரு ஃப்ளாக்கும் இரண்டெழுத்துக் குறியாக நிற்கும்: எம்டபிள்யூ என்றால் மேரைட், எம்ஈ என்றால் மேஎக்ஸெக், டிஈ என்றால் டோன்ட்எக்ஸ்பேண்ட், டிசி என்றால் டோன்ட்காப்பி, டிடி என்றால் டோன்ட்டம்ப். படிக்க மட்டும் என்று நீங்கள் நினைத்துக் கொடுத்த மேப்பில் டபிள்யூஆர் இல்லாமல் எம்டபிள்யூ மட்டும் நின்றால், ஏழாம் படியின் இரண்டாவது வரி உங்கள் டிரைவரில் இல்லை.